நிழல் எங்க விழுதுன்னு பாத்துட்டு லைட் வாங்குங்க: எல்இடி பேனல் கேள்வி பதில்

எல்இடி பேனல் லைட் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தேன், இவ்ளோ வரும்னு நினைக்கவே இல்ல. கார் நிறுத்துற கராஜ், மரவேலை பாக்குற ரூம், வீட்டுலயே வீடியோ எடுக்குற ஸ்டுடியோ, படம் வரையுற அறைன்னு எல்லா இடத்துலேருந்தும் கேட்டிருக்கீங்க. பாதிக் கடிதம் "எத்தனை வாட்ஸ் வாங்கணும்"னுதான் ஆரம்பிக்குது. வாட்ஸ்ங்கிறது லைட் எவ்ளோ கரண்ட் இழுக்குதுங்கிற கணக்கு. வெளிச்சம் எவ்ளோ வெளிய விடுதுன்னு சொல்றது லூமன். அதுல நம்ம கைவேலை மேல எவ்ளோ வந்து விழுதுன்னு சொல்றது லக்ஸ், நமக்கு வேண்டியது இந்தக் கடைசி சமாச்சாரம்தான். அதை மனசுல வச்சுக்கிட்டு கேள்விகளுக்குள்ள போலாம்.

கேள்வி: அண்ணே, என்னோட கராஜ் 6 மீட்டர் நீளம், மூணரை மீட்டர் அகலம். நடுவுல ஒரே ஒரு பல்பு இருக்கு. கார் வேலையும் கொஞ்சம் பாப்பேன், பின் சுவர்ல ஒர்க் பெஞ்ச் இருக்கு. ரெண்டடிக்கு ரெண்டடி பேனல் எத்தனை போடணும், எங்க போடணும்?

தம்பி, மொதல்ல கணக்கை முடிச்சிடலாம், அது சின்னது. உங்க இடம் 21 சதுர மீட்டர். பொதுவா கராஜுக்கு 300 லக்ஸ் இருந்தா நல்லாவே நடமாடலாம், வேலை பாக்கலாம். 21ஐ 300ஆல பெருக்கினா 6300 லூமன். ஆனா லைட்டுலேருந்து கிளம்புறது அத்தனையும் கீழ வந்து சேராது, சுவர் தின்னும், தூசி தின்னும், வருஷம் ஆக ஆக லைட்டே கொஞ்சம் மங்கும், அதனால பாதிதான் வந்து சேரும்னு வச்சுக்கிட்டு டபுளாக்குங்க, 12,600 லூமன். 40 வாட்ஸ் பேனல் ஒண்ணு சுமாரா 4000 லூமன் குடுக்கும், அப்ப மூணு போட்டா கொஞ்சம் குறையும், நாலு போட்டா தாராளம். நாலுன்னு வைங்க.

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வர்றோம். அந்த நாலையும் எல்லாரும் பண்ற மாதிரி ரூம் நடுவுல வரிசையா போட்டுட்டீங்கன்னா, கார் உள்ள வந்ததும் நாலு லைட்டும் கார் கூரைக்குத்தான் வெளிச்சம் காட்டும், டயர் பக்கம், கதவுக்குக் கீழ, நீங்க குனிஞ்சு பாக்குற இடம் எல்லாம் இருட்டா இருக்கும். நீங்க நிக்கிறது காருக்கும் சுவருக்கும் நடுவுல இருக்குற சந்துலதான, லைட்டும் அந்தச் சந்துக்கு மேலதான் இருக்கணும். அதனால ரெண்டுக்கு ரெண்டு வேண்டாம், நாலுக்கு ஒண்ணுன்னு நீட்டமா வரும் பாருங்க, 1200 மி.மீ. நீளம் 300 மி.மீ. அகலம், அதே 40 வாட்ஸ்தான், அதை வாங்கி இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் ரெண்டுன்னு சுவர்லேருந்து 50, 60 செ.மீ. தள்ளி நீளவாக்குல போடுங்க. நீட்ட லைட்டுல இன்னொரு லாபம் இருக்கு, கார் பாடியில அது ஒரு கோடு மாதிரி பிரதிபலிக்கும், அந்தக் கோடு எங்கயாவது நெளிஞ்சா அங்க நசுங்கல் இருக்குன்னு அர்த்தம், நசுங்கல் எடுக்குறவங்க கோடு கோடா லைட் வச்சுப் பாக்குறது இதுக்காகத்தான்.

ஒர்க் பெஞ்சுக்கு இன்னும் கூடுதலா வேணும், 500 லக்ஸாவது. அங்க லைட் உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்தா உங்க தலை நிழலே வேலை மேல விழும். பெஞ்சுக்கு நேர் மேல, சுவர்லேருந்து 30, 40 செ.மீ.ல தனியா ஒரு நீட்ட பேனலைப் போட்டு அதுக்குத் தனி சுவிட்ச் குடுத்துடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சிட்டு பெஞ்ச் முன்னாடி ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, வீட்டுல யாரையாவது ஏணியில ஏறி போன் டார்ச்சை நீங்க லைட் போடப்போற எடத்துல சீலிங்கை ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. உங்க கை நிழல் நட்டு மேல விழுதா, பக்கத்துல விழுதான்னு பாருங்க. டார்ச்சை ஒரு அடி முன்னாடி, ஒரு அடி பின்னாடி நகத்தச் சொல்லுங்க. எந்த எடத்துல நிழல் ஒதுங்கிப் போகுதோ அங்க சாக்பீஸ்ல ஒரு குறி. இதைப் பண்ணாம யாருக்கும் நான் ஓட்டை போட்டதில்ல.

கடைசியா, உங்க கதவு மேல ஏறி சீலிங்கை ஒட்டி உள்ள படுக்குற மாதிரியா, சுருள்ற ஷட்டரான்னு எழுதல. படுக்குற கதவா இருந்தா தொறந்து வச்சதும் முன்பக்க ரெண்டு பேனலையும் அது மறைச்சிடும், பகல்ல தெரியாது, ராத்திரி வண்டியை விடும்போதுதான் தெரியும். கதவைத் தொறந்து வச்சு அளவெடுங்க. அப்படியே சுவருக்கு வெள்ளை அடிச்சிடுங்க, ஒரு லைட் கூடுதலா போட்ட மாதிரி இருக்கும்.

கேள்வி: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மெல்லிசா அழகா இருக்குன்னு வாங்குன பேனல் இப்ப பழுப்பு நிறமா ஆயிடுச்சு, வெளிச்சமும் கம்மி. 50,000 மணி நேரம் உழைக்கும்னு பெட்டியில போட்டிருந்தாங்க. ஏமாந்துட்டேனா?

பேனல்ல ரெண்டு ஜாதி இருக்குங்க. உங்களது ஓரத்துலேருந்து வெளிச்சம் குடுக்குற ஜாதி. ஃபிரேமைச் சுத்தி ஓரமா சின்னச் சின்ன எல்இடி இருக்கும், நடுவுல ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு, ஓரத்துல நுழையுற வெளிச்சத்தை அந்தத் தகடுதான் கீழ திருப்பி விடும். அதனாலதான் பத்து மி.மீ. மெல்லிசுல பண்ண முடியுது. அந்தத் தகடு நல்ல அக்ரிலிக்கா இருந்தா ரொம்ப நாள் வெள்ளையா இருக்கும், காசு மிச்சம் பண்ண பாலிஸ்டைரீன்ல போட்டா சூட்டுலயும் வெளிச்சத்துலயும் பழுத்துடும், உங்களுக்கு நடந்தது அநேகமா இதுதான். இன்னொரு ஜாதியில எல்இடி எல்லாம் பின்னாடி முதுகுல பரவலா இருக்கும், கொஞ்சம் தடிமன், ஆனா அந்தத் தகடே கிடையாது, அதே வாட்ஸுக்கு வெளிச்சமும் கொஞ்சம் கூடவே வரும். கராஜுல மெல்லிசா இருந்து என்ன ஆகப்போகுது, நான் பின்பக்க எல்இடிதான் வாங்கச் சொல்வேன்.

அந்த 50,000 மணி நேரம்ங்கிறது லைட் அணைஞ்சு போற நேரம் இல்ல. எல்70ன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, புதுசுல இருந்த வெளிச்சத்துல 70 சதவீதமா இறங்குறதுக்கு ஆகுற நேரம் அது. அதுவும் எல்இடிக்கான கணக்குதான், தகடு பழுக்கிறதும் டிரைவர் (மெயின் கரண்டை எல்இடிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற சின்னப் பெட்டி) போறதும் அதுல வராது. நிஜத்துல மொதல்ல போறது பெரும்பாலும் டிரைவர்தான், அதுக்குள்ள இருக்குற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சூடு தாங்காது, 10 டிகிரி சூடு குறைஞ்சா அதோட ஆயுசு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு எலக்ட்ரானிக்ஸ்காரங்க கணக்கு வச்சிருக்காங்க. அதனால வாரண்டி வாங்கும்போது டிரைவருக்கும் சேத்து எத்தனை வருஷம்னு கேளுங்க.

கேள்வி: சார், வீட்டுல ஒரு ரூமை ஸ்டுடியோவாக்கி சீலிங்ல நாலு பேனல் போட்டேன். கண்ணுக்கு நல்லா இருக்கு, வீடியோவுல மட்டும் கறுப்பு கறுப்பா பட்டை ஓடுது. முகமும் கண்ணுக்குக் கீழ குழி விழுந்த மாதிரி வருது. கேமரா பிரச்சனையா?

கேமரா மேல தப்பில்ல. மெயின் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்னா டிரைவர் நல்லா இல்லாத லைட் ஒரு செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவை. நம்ம கண்ணு அதைச் சேத்துப் பாத்து ஒரே வெளிச்சம்னு எடுத்துக்கும். கேமரா சென்சார் மேலேருந்து கீழ வரிசை வரிசையா படிக்குது, ஒரு வரிசை படிக்கும்போது லைட் ஏத்தத்துல இருக்கும், அடுத்த கொஞ்சத்துல இறக்கத்துல இருக்கும், அதுதான் பட்டை. இன்னைக்கே ஷூட்டிங் முடிக்கணும்னா கேமராவோட ஷட்டர் ஸ்பீடை 50 ஹெர்ட்ஸ் ஊர்ல 1/50 இல்லன்னா 1/100ன்னு வைங்க, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்லன்னா 1/120. ஏத்தமும் இறக்கமும் முழுசா ஒரு ஷட்டருக்குள்ள அடங்கிடும், பட்டை பெரும்பாலும் போயிடும். ஸ்லோ மோஷன் எடுக்கணும்னா இது உதவாது, டிரைவரையே மாத்தணும்.

வாங்கும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி, போன்ல ஸ்லோ மோஷன் 240 ஃபிரேம்ல வச்சு எரியுற லைட்டைப் பத்து செகண்ட் எடுத்துப் பாருங்க, படபடன்னு அடிச்சா அந்த டிரைவர் வேண்டாம். போன் இல்லன்னா ஒரு பென்சிலை லைட்டுக்குக் கீழ வேகமா ஆட்டுங்க, ஒரே மங்கலா தெரிஞ்சா நல்லது, தனித்தனியா பத்துப் பென்சில் தெரிஞ்சா துடிக்குதுன்னு அர்த்தம். இந்தத் துடிப்புக்கு மின் பொறியாளர்கள் சங்கமான ஐஇஇஇகிட்டேருந்து 1789ன்னு 2015ல ஒரு வழிகாட்டு வந்துச்சு, 100 ஹெர்ட்ஸ்ல துடிப்பு 8 சதவீதத்துக்குள்ள இருந்தா பாதிப்புக்கு வாய்ப்பு கம்மி, மூணு சதவீதத்துக்குப் பக்கத்துல வந்துட்டா கவலையே இல்லன்னு கணக்கு போட்டிருக்காங்க. நல்ல கம்பெனியோட விவரத் தாள்ல இந்த எண் இருக்கும், பெட்டியில பெருசா "ஃப்ளிக்கர் ஃப்ரீ"ன்னு எழுதியிருக்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

இதை மெஷின் வேலை பாக்குறவங்களும் கவனமா படிக்கணும், ஏன்னா கேமராக்காரருக்கு வீடியோதான் போகும், இவங்களுக்கு விரலே போகும். 1440 ஆர்பிஎம் மோட்டார்னா செகண்டுக்கு 24 சுத்து. லைட் செகண்டுக்கு 100 தடவை துடிக்குது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல அந்த ஷாஃப்ட் கால் சுத்துக்குக் கொஞ்சம் கம்மியா சுத்தியிருக்கும், அதுல நாலு இறக்கை இருந்தா ஒரு இறக்கை இருந்த எடத்துல அடுத்தது வந்து நிக்குது, பாக்குறவங்களுக்கு அது மெதுவா பின்பக்கமா சுத்துற மாதிரி தெரியும். சரியா 25 சுத்து சுத்தினா நின்னுட்ட மாதிரியே தெரியும். ஓடுற மெஷின் நின்னுடுச்சுன்னு கை வைக்கிறதை விட ஆபத்து ஒர்க்‌ஷாப்ல வேற இல்ல. கடைசல் மெஷின், டிரில்லிங் மெஷின், ரம்பம் இருக்குற எடத்துல துடிக்காத டிரைவர்தான் போடணும், இதுல நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்.

உங்க முகத்துல விழுற குழிக்கு காரணம் வேற. லைட் எல்லாம் உச்சந்தலைக்கு நேர் மேல இருக்கு, புருவம்தான் கண்ணுக்கு நிழல் குடுக்குது. சீலிங் பேனல்ல ரெண்டை மட்டும் எரிய விட்டு, ஒரு ரெண்டுக்கு ரெண்டு பேனலைக் கழட்டி ஸ்டாண்டுல செங்குத்தா நிக்க வச்சு, முகத்துக்கு 45 டிகிரி பக்கத்துல, கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஒரு மீட்டர் தூரத்துல வைங்க. லைட் பெருசாவும் கிட்டவும் இருந்தா நிழல் மெத்துன்னு இருக்கும். தூரமா கொண்டு போகப் போக அதே லைட் சின்னதாகி நிழல் கத்தி மாதிரி வெட்டும், வெளிச்சமும் தூரம் கூடக் கூட வேகமா குறையும்.

கேள்வி: நான் பெயிண்டிங் பண்றேன் அண்ணா. ராத்திரி ரூம்ல கலந்த சிவப்பு காலைல வெளிய கொண்டு போனா வேற சிவப்பா இருக்கு. 6500 கெல்வின் பகல் வெளிச்சம்னு பாத்துதான் வாங்குனேன்.

தங்கச்சி, கெல்வின் சொல்றது அந்த வெள்ளை மஞ்சள் பக்கம் சாயுதா நீலம் பக்கம் சாயுதாங்கிறது மட்டும்தான். 2700 மஞ்சளா இருக்கும், 4000 நடு, 6500 நீலம் அடிக்கும். அந்த வெளிச்சத்துக்குள்ள எல்லா நிறமும் இருக்கான்னு கெல்வின் சொல்லாது. வெள்ளை எல்இடின்னு நாம சொல்றது அநேகமா ஒரு நீல எல்இடி, அதுக்கு மேல மஞ்சள் பாஸ்பர் பூச்சு. (அந்த நீல எல்இடியைக் கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியல் நோபல் குடுத்தாங்க, அது வந்திருக்கலன்னா இன்னைக்கு இந்தப் பகுதியே இல்ல.) நீலமும் மஞ்சளும் சேந்து கண்ணுக்கு வெள்ளையா தெரியுது, ஆனா ஆழமான சிவப்பு அதுல ரொம்பக் கம்மி. லைட்டுல இல்லாத சிவப்பை உங்க கேன்வாஸ் எப்படி திருப்பி அனுப்பும்? அதனால நீங்க ராத்திரி சிவப்பு பத்தலன்னு இன்னும் கொஞ்சம் கலக்குறீங்க, காலைல அது கத்துது.

நீங்க பாக்க வேண்டியது சிஆர்ஐ, அதாவது அந்த லைட் நிறங்களை எவ்ளோ உண்மையா காட்டுதுங்கிற எண். சாதாரண பேனல் 80 இருக்கும், உங்களுக்கு 90க்கு மேல வேணும். அதோட நிக்காதீங்க, அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களோட சராசரிதான், அழுத்தமான சிவப்பு அதுல சேராது, அதுக்கு ஆர்9ன்னு தனி எண் இருக்கு. சிஆர்ஐ 80 போட்ட லைட்டுல ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்குறதெல்லாம் சகஜம். 50க்கு மேல கேளுங்க. கெல்வின் 5000 வாங்குங்க, அச்சுத் தொழில்ல நிறம் ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு ஐஎஸ்ஓ 3664ல வச்சிருக்குற வெளிச்சமும் 5000ஐ ஒட்டினதுதான். எல்லா பேனலையும் ஒரே தடவையில ஒரே பேட்ச்ல வாங்கிடுங்க, ஒரே கம்பெனியா இருந்தாலும் ஆறு மாசம் கழிச்சு வாங்குனது லேசா பச்சையோ ரோஸோ அடிக்கலாம். பழைய டியூப்லைட் ஒண்ணு மூலையில எரிஞ்சுக்கிட்டு இருந்தா அதையும் எடுத்துடுங்க.

கேள்வி: பேனலை நானே மாட்டிக்கலாம்னு இருக்கேன். ஒரு ரூம்ல கான்கிரீட், ஒரு ரூம்ல ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், பின்னாடி ஷெட்ல ஷீட் கூரை. ஒவ்வொண்ணுக்கும் எப்படி?

ரெண்டுக்கு ரெண்டு பேனல் மூணு கிலோ பக்கம் வரும், சிலது அதுக்கு மேலயும் போகும். அது தலைக்கு மேல தொங்கப் போகுதுங்கிற நெனப்போடயே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் போடணும்.

கான்கிரீட்ல சர்ஃபேஸ் ஃபிரேம் வாங்கிக்கோங்க, அலுமினியத்துல நாலு பட்டையா வரும். மூணு பட்டையை மொதல்ல ப வடிவத்துல சேத்து முடுக்கி, அதை சீலிங்ல வச்சு பென்சில்ல ஓட்டை குறிச்சு, 6 மி.மீ. பிட்டுல துளை போட்டு ராவல் பிளக் அடிச்சு ஸ்க்ரூ பண்ணிடுங்க. அப்புறம் பேனலை தொறந்த பக்கத்துலேருந்து டிராயர் தள்ற மாதிரி உள்ள தள்ளி, நாலாவது பட்டையை வச்சு மூடினா முடிஞ்சது. தள்ளுறதுக்கு முன்னாடி டிரைவர் கனெக்‌ஷனைக் குடுத்துடணும், ஒயர் பேனலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல நசுங்காம சுருட்டி வைக்கணும், அவசரத்துல எல்லாரும் தப்பு பண்ற எடம் இதுதான். ஓட்டை போடும்போது ஒரு பேப்பர் கப்போட அடியில துளை போட்டு டிரில் பிட்டுல மாட்டிக்கிட்டா தூசி கண்ணுல கொட்டாம கப்புக்குள்ளயே விழும், கண்ணாடியும் போட்டுக்கோங்க.

ஜிப்சம் போர்டுல வெறும் ஸ்க்ரூ நிக்காது, இன்னைக்கு நிக்கும், ஆறு மாசத்துல மாவா உதிரும். மேல இருக்குற இரும்பு சேனலையோ மரச்சட்டத்தையோ தட்டிப் பாத்து, இல்லன்னா ஒரு காந்தத்தை நகத்திப் பாத்து கண்டுபிடிச்சு அதுல ஸ்க்ரூ ஏத்துங்க. சேனல் தோதான எடத்துல வரலன்னா போர்டுக்கு மேல போய் றெக்கை விரிச்சுக்குற டாகிள் போல்ட் போடுங்க, அதோட பேனலோட ஒரு மூலையிலேருந்து மேல கான்கிரீட்டுக்கு ஒரு மெல்லிய கம்பி கட்டிவிடுங்க, போர்டே விட்டாலும் லைட் தலையில விழாது. மேல சூடு தடுக்க கம்பளி மாதிரி இன்சுலேஷன் விரிச்சிருந்தா டிரைவரை அதுக்கு அடியில புதைச்சிடாதீங்க, முன்னாடியே சொன்ன கெப்பாசிட்டர் கதைதான்.

ஷீட் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸா இருந்தா அதுல டிரில் வைக்கவே வைக்காதீங்க, அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது, கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். தகரமா இருந்தாலும் ஷீட்ல மாட்டாதீங்க, ஒழுகும், வெயில்ல கொதிக்கும். குறுக்க போற பைப்புல கிளாம்ப் போட்டு, நாலு மூலைக்கு நாலு ஒயர் ரோப் விட்டு ஒரு அடி, ஒன்றரை அடி கீழ தொங்கவிடுங்க. பேனல் முதுகுல காத்து போகும், வேலைக்கும் கிட்ட வரும்.

எந்தக் கூரையா இருந்தாலும் எம்சிபியை அணைச்சிட்டு, மல்டிமீட்டர்ல ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வோல்டேஜ் பூஜ்யம்னு பாத்துட்டுத்தான் ஒயரைத் தொடணும். டெஸ்டர் எரியலங்கிறதை மட்டும் நம்பாதீங்க, டெஸ்டரே செத்திருக்கலாம். மீட்டரையும் மொதல்ல கரண்ட் இருக்குற பிளக்ல வச்சு வேலை செய்யுதான்னு பாத்துக்கோங்க. டிரைவர்லயோ ஃபிரேம்லயோ எர்த் குறி போட்ட டெர்மினல் இருந்தா அதைச் சும்மா விடாதீங்க. புதுசா லைன் இழுக்கணும்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, மாட்டுற வேலையை மட்டும் நீங்க பண்ணுங்க.

கேள்வி: சுவிட்ச் ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் பேனல் லேசா மினுங்குது. பயமா இருக்கு.

சுவிட்ச் ஃபேஸை வெட்டாம நியூட்ரலை வெட்டிக்கிட்டு இருக்கலாம், அப்படின்னா பயப்பட வேண்டிய விஷயம்தான், ஏன்னா அணைச்ச பிறகும் லைட் வரைக்கும் ஃபேஸ் வந்து நிக்குது. எலக்ட்ரீஷியனை வச்சு உடனே மாத்துங்க. அது சரியா இருந்தும் மினுங்கினா சுவிட்ச்ல சின்ன இண்டிகேட்டர் லைட் இருக்கான்னு பாருங்க, அது வழியா கசியுற துளி கரண்டே எல்இடிக்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டா போயிடும்.

கேள்வி: பேனல் நல்லா இருக்கு, டிரைவர் மட்டும் போயிடுச்சு. வேற டிரைவர் போடலாமா?

தாராளமா போடலாம், முழு பேனலையும் தூக்கிப் போட வேண்டியதில்ல. பழைய டிரைவர்ல அவுட்புட்னு போட்டிருக்குற எடத்துல ரெண்டு எண் இருக்கும், மில்லி ஆம்பியர் ஒண்ணு, வோல்ட் ஒண்ணு. உதாரணத்துக்கு 900 மில்லி ஆம்பியர், 27லேருந்து 42 வோல்ட். மில்லி ஆம்பியர் அச்சு அசலா அதேதான் இருக்கணும், கூடினா எல்இடி கருகும். வோல்ட் வரம்பு பழையதை உள்ளடக்கி இருந்தா போதும். பிளஸ் மைனஸ் மாத்திடாதீங்க.

இன்னொண்ணு, இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வீட்டு ஸ்டுடியோவுல டிரைவரை மாத்தினேன், டிரைவர் வேலை செய்யுதான்னு பாக்க மெயினை ஆன் பண்ணி வச்சுக்கிட்டே பேனல் பின்னைச் சொருகினேன். பளிச்சுன்னு ஒரு வெட்டு, பேனல்ல ஒரு வரிசை எல்இடி அப்படியே செத்துப்போச்சு. லோடு இல்லாம ஆன்ல இருக்குற டிரைவரோட வாய்ல வோல்டேஜ் உச்சத்துல ஏறி நிக்கும், சொருகுற நிமிஷம் அது மொத்தமா எல்இடிக்குள்ள பாயும். அந்த வீட்டம்மாவுக்கு என் கைக்காசுல புது பேனல் வாங்கிக் குடுத்தேன். மொதல்ல பேனலைச் சொருகுங்க, அப்புறம் மெயினைப் போடுங்க.

கேள்வி: பாட்டு ரெக்கார்ட் பண்ற ரூம்ல பேனல் போட்டதும் மைக்ல "ங்ங்"னு ஒரு சத்தம்.

லைட்டைப் பாதியா மங்க வைக்கிற சுவர் டிம்மர் இருந்தா அதுதான் முதல் குற்றவாளி, முழு வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, சத்தம் நின்னா டிம்மரை எடுத்துடுங்க. நிக்கலன்னா டிரைவரைக் கழட்டி ரூமுக்கு வெளிய கொண்டு போய் வைக்கலாம், பேனலுக்கு டிசி ஒயர் மட்டும் உள்ள வரட்டும். தூரம் அதிகம்னா கொஞ்சம் தடிமனான ஒயரா போடுங்க. மைக் கேபிளை கரண்ட் ஒயரோட சேத்துக் கட்டாதீங்க, குறுக்க போயே ஆகணும்னா நேர்க் குறுக்கா, கூட்டல் குறி மாதிரி கடக்கட்டும்.

கேள்வி: கராஜுல கார் கழுவுவேன், சில நாள் தின்னர் கலந்து ஸ்ப்ரே பெயிண்டும் அடிப்பேன். ஐபி 65 வாங்கினா போதுமா?

கழுவுறதுக்குப் போதும். 6ன்னா தூசி உள்ள போகாது, 5ன்னா எந்தப் பக்கத்துலேருந்து தண்ணி பீச்சினாலும் தாங்கும். சாதாரண பேனல் ஐபி 20தான், மரத்தூள் பறக்குற எடத்துல அது கொஞ்ச மாசத்துல உள்ள பூச்சியும் தூசியுமா புள்ளி புள்ளியா ஆயிடும். ஆனா ஸ்ப்ரேக்கு இது வேற விஷயம். ஐபி எண் தூசிக்கும் தண்ணிக்கும்தான், தீப்பிடிக்கிற ஆவிக்கு அது பதில் சொல்லாது. தின்னர் ஆவியும் பெட்ரோல் ஆவியும் காத்தை விட கனம், தரையோட தங்கி நிக்கும், ஒரு சுவிட்ச் தட்டுற பொறி போதும். மூடுன கராஜுல ஸ்ப்ரே அடிக்கிறதை விட்டுடுங்க, அதுக்குன்னு வெடிப்பு பாதுகாப்போட லைட்டும் எக்ஸாஸ்ட்டும் வச்ச பூத்ல அடிங்க. இதுல குறுக்கு வழி எதுவும் என்கிட்ட இல்ல.

கேள்வி: எங்க அப்பா ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் கராஜுல உக்காந்து பழைய கடிகாரம் ரிப்பேர் பண்றாங்க. வெளிச்சம் பத்தலன்னு சொன்னாங்க, நான் நாலு பேனல் போட்டுக் குடுத்தேன். இப்ப கண்ணு கூசுதுங்கிறாங்க, ஆனா பல்சக்கரம் இன்னும் தெரியலங்கிறாங்க. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்?

இருக்கும்மா, அப்பா சொல்றது ரெண்டுமே உண்மை. வயசாக ஆக கண்மணி அவ்ளோவா விரியாது, உள்ள இருக்குற லென்ஸும் மஞ்சள் ஏறி கொஞ்சம் மங்கும். அறுபது வயசுக் கண்ணுக்குள்ள போற வெளிச்சம் இருபது வயசுக் கண்ணுக்குப் போறதுல மூணுல ஒரு பங்குதான்னு சொல்வாங்க. அதே மங்கல் லென்ஸ் பக்கத்துலேருந்து வர்ற பளிச்சத்தைச் சிதறடிச்சு கண்ணு முழுக்கப் பரப்பிடும், அதுதான் கூச்சம். நீங்க ரூம் முழுக்க வெளிச்சத்தைக் கூட்டியிருக்கீங்க, அவருக்கு வேணும்ங்கிறது ஒரு அடிக்கு ஒரு அடி எடத்துல.

நாலுல ரெண்டை அணைச்சிடுங்க. எரியுற ரெண்டுக்கும் மைக்ரோபிரிஸ்மாட்டிக் டிஃப்யூஸர்ங்கிற முன் மூடி கிடைச்சா மாத்துங்க, தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன கட்டம் இருக்கும், பக்கவாட்டுல கண்ணுல அடிக்கிறதைக் குறைக்கும், பெட்டியில யுஜிஆர் (கண் கூச்சத்தைச் சொல்ற எண்) 19க்குக் கீழன்னு போட்டிருப்பாங்க. அந்த மிச்ச வெளிச்சத்தை மேஜைக்குக் கொண்டு வாங்க, கை மடக்குற டாஸ்க் லேம்ப் ஒண்ணு, சிஆர்ஐ 90, துடிக்காதது, வேலைக்கு 30, 40 செ.மீ. உயரத்துல. நுணுக்க வேலைக்கு 1000 லக்ஸ் வேணும், சீலிங்லேருந்து அதைக் கொண்டு வர்றது கஷ்டம், கிட்ட வச்ச சின்ன லேம்ப் சுலபமா குடுத்துடும். அப்பா வலது கைக்காரர்னா லேம்ப் இடது பக்கம் இருக்கட்டும், இடுக்கி நிழல் சக்கரத்து மேல விழாது. மேஜை மேல கண்ணாடியோ பளபளப்பான தகடோ இருந்தா எடுத்துட்டு மங்கலான வெளிர் நிற விரிப்பு போடுங்க, கீழேருந்து அடிக்கிற கூச்சம் போகும்.

இதெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்பா ஸ்டூல்ல நீங்க உக்காருங்க, அவர் குனியுற மாதிரியே குனிஞ்சு, அவர் கையில வச்சிருக்குற லூப்பை, அதான் அந்தச் சின்ன பூதக்கண்ணாடியை, கண்ணுல வச்சு ஒரு சக்கரத்தைப் பாருங்க. எந்த பேனல் ஓரக்கண்ணுல அடிக்குதுன்னு அங்க உக்காந்தாதான் தெரியும், அணைக்க வேண்டிய ரெண்டு எதுன்னு அப்ப முடிவு பண்ணுங்க.